வாங்காமல் விட்ட வெளிச்சத் துவக்கு

என் உயிர் மச்சான் யூட்,

உனக்கு ஒரு கல்லறை இருந்திருந்தால் அங்கே வந்து நின்று இதையெல்லாம் வாயால் சொல்லியிருப்பேன். இல்லாதபடியால் எழுதுகிறேன். எழுதச் சொன்னது உன் மனைவி ஜெனி. “அவருக்கு மட்டும் இல்ல அண்ணா, ஊருக்கும் கேக்கிற மாதிரி எழுதுங்கோ” என்றாள். ஆகவே உனக்குத் தெரிந்தவற்றையும் இதில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சி மரியா சுகமாக இருக்கிறாள். புருஷனான என்னோடு சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பு குறையவில்லை. ஜெனி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறாள். யார் யாரோ படுத்தெழும்பிய வெள்ளை விரிப்புகளை நாள் முழுக்க மடிக்கிறாள். சவர்க்காரத் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய்க் கிடக்கிறது. நான் கடலுக்குப் போவதில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து ஐஸ் கம்பனியில் மற்றவர்களின் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிறேன். நம் படகு கரையில் பூவரச மரத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது. அதற்குள் நாயொன்று குட்டி போட்டிருக்கிறது.

உன் இரண்டாவது ஆண்டுத் திருப்பலி போன கிழமை முடிந்தது. பாதர் பிரசங்கத்தில், “ஒரு கண் கண்டிருந்தால் நம் சகோதரன் இன்று நம்மோடு இருந்திருப்பான்” என்றார். கோயிலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். ஜெனி துடைக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்து, எழுதுங்கோ என்று சொன்னாள்.

அந்தப் பார்வைக்குப் பின்னால் ஒரு துவக்கு இருக்கிறது, மச்சான். நான் ஒரு துவக்கு வாங்கப் பார்த்தேன்.

பதறாதே. நீ பதறுவாய் என்று தெரியும். துவக்கு என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் மெதுவாகச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இது ஆளைச் சுடுகிற துவக்கு இல்லை.

கிண்ணியாவில் பழைய இரும்பு வாங்கி விற்கிற நசீர் நானாவை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் என்ஜினுக்கு விசிறி தேடித் தந்தவர். வைகாசியில் ஒரு நாள் எனக்கு அழைப்பெடுத்து, “தம்பி, ஒரு சாமான் இரிக்கு. போன்ல கதைக்க ஏலாது, வாவன்” என்றார். ஐஸ் கம்பனிக்கு ஏற்ற பழைய பம்ப் ஏதாவது கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், தராசுக்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். அம்மிக்குழவி போலப் பாரம். பித்தளைக் குழல். குட்டையானது, ஆனால் வாய் என் இரண்டு பெருவிரல் ஒன்றாகப் போகும் அளவுக்கு அகலம். மரப்பிடி. பிடியின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம். குழலின் பக்கத்தில் சின்னதாக ஒரு ராச கிரீடம் பொறித்திருந்தது. கடல்முகப்பில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது கூரைக்குள் தகரப் பெட்டியொன்றில் கிடைத்ததாம்.

“வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கப்பல்ல இருந்து வெளிச்சம் உடுற துவக்கு. ஆபத்தெண்டா மேல பாத்து அடிக்கிறது. செவப்பா ஒரு நட்சத்திரம் போய் நிக்குமாம்.” அவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “பொலிசில குடுக்கத்தான் வேணும். குடுத்தா, எங்கால வந்த, ஆரு தந்த எண்டு என்ட உயிரை எடுப்பானுகள். உருக்கவும் மனம் வரல்ல. கண்டவுடன ஒன்ட ஞாபகந்தான் வந்திச்சு தம்பி.”

கூடவே சில வெடிகளும் இருந்தன. மட்டையால் செய்தவை. உப்புக் காற்றில் ஊறி ஊதிப் போயிருந்தன. வெடிக்குமோ வெடிக்காதோ, யாருக்கும் தெரியாது. அவை முடிந்தால் புதிதாக எடுக்க உலகத்தில் எங்கேயும் இடமில்லை. இதைப் படகில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனால், கடற்படைக்காரன் சோதனையில் இந்தப் பிடியைக் கண்டால், வெளிச்சத் துவக்கா வேறு துவக்கா என்று நின்று கேட்பானா? அதுவும் என் பெயரையும் முகத்தையும் பார்த்துவிட்டு? புத்தி உள்ளவன் அதைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பான்.

நான் அதைக் கீழே வைக்கவில்லை. கையை நீட்டி ஏந்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ. நசீர் நானா மெதுவாக என் முழங்கையைத் தொட்டார்.

“தம்பி, மேல பிடி. வெளிச்சம் மேல போறது.”

அப்போதுதான் பார்த்தேன். நான் அதை வானத்துக்குப் பிடிக்கவில்லை. என் தோள் உயரத்துக்கு, நேரே முன்னால் பிடித்திருந்தேன். முன்னால் ஒரு ஆள் நிற்பதுபோல.

வீட்டுக்கு வந்து மரியாவிடம் சொன்னேன். அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கென்ன விசரோ? கடையில சிவப்புக் குச்சி விக்கினம். கையில பிடிச்சு நூலை இழுத்தா எரியும். எல்லாப் படகிலயும் வைச்சிருக்கினம். அதை வாங்கி வைச்சுக்கொண்டு கடலுக்குப் போங்கோ எண்டு ரெண்டு வருஷமாச் சொல்லுறன். அதுக்கு உங்களுக்கு மனம் வரேல்ல. ஒளிச்சு வைக்க வேண்டிய இந்தச் சாமானுக்கு மனம் வருதோ?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? சொல்லுங்கோவன்.”

அதற்குப் பதில் இப்போதுதான் தெரிகிறது. கடையில் விற்கிற சிவப்புக் குச்சி நாளைக்கு உதவும். இந்தத் துவக்கு எனக்கு நாளைக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த நாளுக்குத்தான் வேண்டியிருந்தது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த அந்த நாளுக்கு.

இனி அதைச் சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்காக.

கச்சான் அடிக்கிற மாதம். அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. என்ஜின் நின்ற படகை அது கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். நம் என்ஜின் நின்றது. அதை எழுப்பப் பார்த்து உன் உள்ளங்கை கிழிந்தது. நங்கூரக் கயிறு அடியைத் தொடவில்லை. போனில் முதலில் சிக்னல் போனது, பிறகு சார்ஜ் போனது. திருகோணமலைக் கரை ஒரு நீலக் கோடாகி, அந்தக் கோடும் இல்லாமல் போனது. நாட்களை எண்ணாதே என்று நீதான் சொன்னாய். உன் கை வீங்கி மணக்கத் தொடங்கியது. தண்ணீர்க் கானின் மூடியாலேயே தண்ணீரை அளந்து, உனக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி என்று குடித்தோம்.

ஒரு காலையில் அந்தக் கப்பல் வந்தது. பெரிய சாமான் கப்பல். நான் துடுப்பில் என் சட்டையைக் கட்டி, எழும்பி நின்று ஆட்டினேன். உன்னைத் தூக்கி, படகின் முன்முனையான அணியத்தில் சாய்த்து இருத்தினேன். நீயும் நல்ல கையை உயர்த்தினாய். கத்தினோம். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. கப்பல் நம்மைத் தாண்டுகிறபோது, மேல்தட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றான். செம்மஞ்சள் உடுப்பு. கையில் கோப்பையோ என்னவோ இருந்தது. அவன் நம்மைப் பார்த்தான். கையைத் தூக்கினான். தூக்கிய கையை ஒரு தரம் அசைத்தான். பிறகு உள்ளே போனான்.

அது எந்தக் கை, மச்சான்? மீன் பிடிக்கிற படகைக் கண்டு சும்மா சுகம் கேட்கிற கையா? பொறுங்கள், வருகிறோம் என்கிற கையா? தெரிந்துகொண்டே போய் வாருங்கள் என்று காட்டின கையா?

நீ அன்றைக்கு அதை நல்ல கையாகத்தான் எடுத்தாய். “கண்டிட்டான் மச்சான்! உள்ள போய்ச் சொல்லப் போறான். பெரிய கப்பல் உடன நிக்காது, சுத்தித்தான் வரும்” என்றாய். உன் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு சிரிப்பு. கானைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, “இனி என்னத்துக்கு மூடியால அளக்கிறது?” என்றாய். மிச்சம் இருந்த தண்ணீரை நாம் இரண்டு பேரும் வாய் வைத்துக் குடித்து முடித்தோம்.

பகல் முழுக்கக் காத்திருந்தோம். கப்பல் சிறுத்து, ஒரு புகைக் கீறாகி, அதுவும் கரைந்தது. வெயில் சரிகிறபோது நீ சொன்னாய்: “அவன் கண்டவன். கண்டிட்டுத்தான் போயிட்டான்.” பிறகு என் கையைப் பிடித்தாய். “நீ தப்பினா ஜெனியிட்ட இதைச் சொல்லாத. ஒருத்தரும் காணேல்ல எண்டு சொல்லு. கண்டும் விட்டிட்டுப் போனாங்கள் எண்டு தெரிஞ்சா, பிறகு அவள் மனுசரை நம்பி இருக்க மாட்டாள்.”

நான் ஓம் என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ அதிகம் தாங்கவில்லை. உன்னை என்னோடு வைத்திருக்க முடிந்த மட்டும் வைத்திருந்தேன். வெயில் விடவில்லை. வலைத் துண்டில் சுற்றி, ஞாபகம் வந்த செபங்களைச் சொல்லி, உன்னைக் கடலில் விட்டேன். மறுநாள் மழை பெய்தது. படகின் அடி நிறைய நல்ல தண்ணீர். அதை நான் குடித்தேன், மச்சான். குடித்து வாந்தி எடுத்து, திரும்பவும் குடித்தேன். அதன் பிறகுதான் ஆழ்கடல் மீன்பிடிப் படகு ஒன்று என்னைக் கண்டு ஏற்றி, நம் படகையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

கரைக்கு வந்து நீ சொன்னபடியே சொன்னேன். ஒருத்தரும் காணவில்லை என்றேன். பொலிசுக்கு அதுதான், பாதருக்கு அதுதான், மரியாவுக்கும் அதுதான். ஆனால் ஊர் வேறொன்றை யோசித்தது. இரண்டு பேர் போனார்கள், ஒருவன் வந்தான், ஒரு கான் தண்ணீர் இருந்தது. என் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. நான் தேத்தண்ணிக் கடைக்குள் போனால் கதை நிற்கும், அவ்வளவுதான். ஜெனியும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னைத் தின்றது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் துவக்கு என் கைக்கு வந்தது. சட்டையை ஆட்டினால் அதைச் சுகம் விசாரிப்பதாக எடுக்கலாம். சிவப்பு வெளிச்சத்துக்கு ஒரே அர்த்தம்தான். அது என்னிடம் இருந்திருந்தால், அவன் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். அல்லது ஓடாமல் நின்றிருப்பான். அப்படியென்றால் அவன் எப்படிப்பட்டவன் என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அதை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், ‘எங்களிடம் இப்படி ஒன்று இருக்கவில்லை, அதனால்தான் ஒருத்தரும் காணவில்லை’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு இருக்கலாம். உனக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். கொஞ்ச நாளில் நானே அதை நம்பியும் விடுவேன்.

அதனால் திரும்பத் திரும்பக் கிண்ணியாவுக்குப் போனேன். நசீர் நானா விலை பற்றிக் கதைக்கவே இல்லை. “கொண்டு போறதெண்டா கொண்டு போ. வேணாமெண்டா வேணாம் எண்டு சொல்லு. இத வெச்சுக்கிட்டு எனக்கு நித்திர இல்ல” என்றார். நான் ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

என்னோடு கதைத்துக் களைத்துப்போய் மரியா ஜெனியைக் கூப்பிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து ஜெனி வந்தாள். கதிரையில் உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மச்சாள், நீயாவது இந்த மனுசனுக்குப் புத்தி சொல்லு” என்றாள் மரியா.

ஜெனி என்னைப் பார்த்தாள். “அண்ணா, அது இருந்திருந்தா அவரைக் கண்டிருப்பாங்கள், என்ன?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“எனக்கும் காட்டுங்கோ” என்றாள்.

மரியா தலையில் கை வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நானும் ஜெனியும் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனோம். நசீர் நானா அவளைக் கண்டதும் எழும்பி, கடைக்காரப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டார். துவக்கை நேரே அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துத் துணியை விரித்தார்.

ஜெனி அதை இரண்டு கையாலும் தூக்கினாள். வெடித்த விரல்களால் அந்தப் பித்தளையைத் தடவினாள். பிறகு எழும்பி நின்று கூரையைப் பார்த்துப் பிடித்தாள்.

“இப்பிடியோ பிடிக்கிறது?”

“ஓம் மகள்” என்றார் நசீர் நானா.

“இது எவ்வளவு தூரம் தெரியும்?”

“நல்ல தூரம் தெரியும் எண்டுதான் சொல்றாங்க.”

அவள் அதை இறக்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டாள். “அண்ணா, கப்பல் ஏதும் போனதோ?”

“போனது.”

“எவ்வளவு தூரத்தில?”

மச்சான், ‘கன தூரம்’ என்று சொன்னால் போதும். இரண்டே இரண்டு சொல். துவக்கை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அவளும் அதைத்தான் கேட்க வந்திருந்தாள். ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ காட்டுவதுபோல அவள் நிற்பதைப் பார்க்கிறபோது என்னால் சொல்ல ஏலவில்லை. அவள் வாழ்நாள் முழுக்க இப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள் என்று பட்டது.

“கிட்ட. ஆளின்ர உடுப்பு தெரியிற தூரம்” என்றேன்.

அவள் துவக்கை மெல்ல மேசையில் வைத்தாள்.

“கண்டவனோ?”

“கண்டவன். கை காட்டினவன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். செம்மஞ்சள் உடுப்பை, கோப்பையை, அசைந்த கையை, நாம் காத்திருந்த பகலை. நீ என்னிடம் என்ன கேட்டாய் என்பதையும், நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். நசீர் நானா வாசல் பக்கம் திரும்பி நின்று, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

ஜெனி அழவில்லை. அந்தத் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“நானா, இதால மனுசரைச் சுட ஏலுமோ?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “இல்ல மகள். கிட்ட நிண்டா எரிக்கும். மத்தப்படி வெளிச்சந்தான்.”

“அப்ப எங்களுக்கு வேண்டாம்” என்றாள் உன் ஜெனி.

நாங்கள் வெளியே வந்தோம். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. நடப்போம் என்றாள். கிண்ணியாப் பாலத்தில் ஏறி நடந்தோம். காற்று அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தது. நடுப்பாலத்தில் நின்று கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். அங்கேதான் கேட்டாள், இரண்டு வருஷமாகக் கேட்காததை.

“தண்ணியை ஆர் குடிச்சது?”

“ரெண்டு பேரும். கப்பல் வருது எண்டு நம்பி, இருந்ததை அண்டைக்கே முடிச்சம்.”

“அவரும் குடிச்சவரோ?”

“அவர்தான் முதல் குடிச்சவர்.”

“வயிறு நிறையவோ?”

“வயிறு நிறைய இல்லை. ஆனா அளக்காமல் குடிச்சவர். வாயைத் துடைச்சுப்போட்டுச் சிரிச்சவர்.”

“என்ன சொன்னவர்?”

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. நீ சொன்னதும் பெரிதாக ஒன்றுமில்லை. “கரைக்குப் போனவுடன ஜெனியின்ர சொதி. தேங்காய்ப்பால் கூட விட்டு. பிறகுதான் ஆஸ்பத்திரி” என்றாய்.

அதைக் கேட்டதும் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் குந்திவிட்டாள். அழுதாள், மச்சான். சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் இறங்கி வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஜெனி அதை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமலே அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு கனநாள் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மரியாவுக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். உன் தங்கச்சி என்மீது பாய்வாள் என்று நினைத்தேன். பாயவில்லை. “இவ்வளவையும் வைச்சுக்கொண்டோ எனக்குப் பக்கத்தில படுத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சமைக்கவில்லை. இரண்டு பேரும் பாணும் பழமும் சாப்பிட்டுவிட்டு இருந்தோம்.

நீ பயந்தது நடந்தது என்றும் சொல்ல வேண்டும். ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரன் மாடியில் நின்று ஜெனிக்குக் கை காட்டினானாம், காலை வணக்கம் சொல்லுகிற மாதிரி. அவள் மடித்த விரிப்புகளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இப்போதும் யாராவது தூரத்திலிருந்து கையை உயர்த்தினால் அவளுக்கு உடம்பு விறைக்கிறது. அதை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். நீ அவளிடமிருந்து தள்ளி வைக்கச் சொன்னதை நான் எடுத்து அவள் மடியில் வைத்தேன். சரியா, பிழையா? நீ சொல்ல மாட்டாய். நானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஆனால் ஒரு நாள் அவள் வந்தாள். இந்தத் தடவை கதிரையில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து திரும்பச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். உன் கை எவ்வளவு வீங்கியிருந்தது, எந்தச் செபம் சொன்னேன், வலைத் துண்டு எந்த நிறம். முடித்ததும், “இனி எனக்கு என்ர மனுசன் செத்தது தெரியும்” என்றாள். “இவ்வளவு நாளும் அவர் காணாமல் போன ஆளாத்தான் இருந்தவர்.”

நசீர் நானா பிறகு அழைப்பெடுத்தார். துவக்கை அறுத்துப் பித்தளையோடு பித்தளையாகக் கொழும்புக்கு அனுப்பிவிட்டாராம். வெடிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புதைத்தாராம். “அந்தப் புள்ள கேட்ட கேள்விக்குப் பொறகு அத வெச்சிரிக்க ஏலாது தம்பி” என்றார். எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு வடிவான சாமான். இன்னும் சில வேளை ஐஸ் கட்டியைத் தூக்குகிறபோது அதன் பாரம் கையில் வந்து போகிறது.

அந்தச் செம்மஞ்சள் உடுப்புக்காரனை நான் மன்னிக்கவில்லை. அவன் வேண்டுமென்றே போனானா, விளங்காமல் போனானா என்று தெரியாத வரைக்கும் எதை மன்னிப்பது? அவனுக்கு நம்மை ஞாபகம் இருக்குமா? இருக்கிற இடத்திலிருந்து உனக்கு அது தெரிந்திருந்தால், எனக்குச் சொல்லாதே. நான் கேட்க மாட்டேன்.

இனி நடக்கப்போவதைச் சொல்லி முடிக்கிறேன். போன கிழமை பூசைக்குப் பிறகு, இதை எழுதச் சொன்ன அதே வாயால் ஜெனி இன்னொன்றும் கேட்டாள். “என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணா.” அவள் வாழ்க்கையில் படகில் கால் வைத்ததில்லை. முன்பெல்லாம் பாலத்தில் பஸ் போனாலே கண்ணை மூடிக்கொண்டவள். உன்னை விட்ட இடம் எதுவென்று எனக்கே தெரியாது, அங்கே நம் படகால் போகவும் ஏலாது என்று சொன்னேன். “அந்த இடம் வேண்டாம். கரை மறையிற இடம் வரைக்கும் போதும். அங்க இருந்து நான் அவரோட கதைக்கிறன்” என்றாள்.

ஆகவே உனக்கு ஒரு வாக்கு. முன்பு கொடுத்ததை நான் காக்கவில்லை, தெரியும். இதைக் காப்பேன். கச்சான் தணிந்து, வாடை தொடங்குவதற்கு முன்னால், கடல் சில நாட்கள் குளம்போலக் கிடக்கும். அந்த நாட்களில் ஒரு விடியலில் நாயையும் குட்டிகளையும் வேறிடத்தில் வைத்துவிட்டுப் படகை நிமிர்த்தி, திருத்திய என்ஜினைப் பூட்டுவேன். மரியா சொன்ன சிவப்புக் குச்சிகளை நேற்று வாங்கிவிட்டேன். நனையாத டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஜெனியை அணியத்தில் இருத்துவேன், நீ இருக்கிற பக்கம் பார்த்தபடி. மரியாவும் வருகிறேன் என்கிறாள். கரை நீலக் கோடாகி மறைகிற இடத்தில் என்ஜினை நிறுத்துவேன். அவள் கதைத்து முடிக்கும் மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன். பிறகு அவளைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டு வந்து சேர்ப்பேன்.

உன் தங்கச்சியின் புருஷன்,
உன்னோடு அந்தக் கடைசித் தண்ணீரைக் குடித்தவன்,
மச்சான் அந்தோனி